வேலிக்குப் பல் வைத்தியம்

தடால்!

சத்தம் தோட்டத்திலிருந்து வந்தது. பல் டாக்டர் அந்த நேரத்தில் சமையலறையில் நின்றுகொண்டு, கேக் வாங்க வந்த ஒரு பெண்மணியை வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா... ஆ... அவ்வளவுதான். பாத்தீங்களா, கடைவாய்ப் பல்லுல கறுப்பா ஒரு புள்ளி? இந்தச் சாக்லேட் கேக் நேரா அங்கதான் போய்க் குடியேறும். யோசிச்சு வாங்குங்க."

பெண்மணி வாயை மூடினாள். கையோடு கைப்பையையும் மூடினாள். "நான் இன்னொரு நாள் வரேங்க" என்று டாக்டரின் மனைவியிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

மனைவி கையிலிருந்த க்ரீம் பையை மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பை தானாகவே ஒரு ரோஜாப்பூவைப் பிதுக்கிப் போட்டது.

"நான் கேக் விக்கறேன். நீங்க என் கஸ்டமரை விரட்டறீங்க."

"ஒரு பல்லைக் காப்பாத்தியிருக்கேன். நியாயமா அந்தம்மா எனக்கு நன்றி சொல்லணும்."

"முதல்ல வெளிய என்ன விழுந்துச்சுன்னு போய்ப் பாருங்க."

டாக்டர் ஓய்வு பெற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கிளினிக்கை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் வேலை செய்து பழகிய கை, சும்மா இருக்க மறுத்தது. சமையலறை டப்பாக்களை மேல்தாடை, கீழ்த்தாடை என்று பிரித்து அடுக்கினார். சர்க்கரை டப்பாவின்மேல் ஒரு மண்டை ஓட்டுப் படம் ஒட்டினார். கேக் கலவை இயந்திரத்தை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார். அவர் பாடம் எடுத்த நாட்களிலெல்லாம் கேக் நடுவில் அமுங்கியது.

தோட்டத்தில் போய்ப் பார்த்தால், மர வேலியில் மூன்று பலகைகள் விழுந்து பூந்தொட்டிகளின்மேல் படுத்துக்கிடந்தன. அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டரின் தலை தெரிந்தது. முகம் முழுக்கச் சவர நுரை.

"டாக்டர், உங்க வேலி என் பக்கமா பல்லை இளிக்குது."

"மூணு பல் இல்லாம எப்படிச் சார் இளிக்கும்?"

"அதனாலதான் இன்னும் அசிங்கமா இருக்கு" என்றார் ஹெட்மாஸ்டர். "வேலியா இது? பத்துக்கு ரெண்டு மார்க் போடலாம். அதுவும் இவ்வளவு நாள் நின்னதுக்காக."

டாக்டர் வேலியை உற்றுப் பார்த்தார். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது போட்ட வேலி. அன்றைக்குத் தேன் நிறத்தில் பளபளத்தது. இன்று சாம்பல் நிறம். பலகைகளில் நீளநீளமாக வெடிப்பு. பழைய ஆணி இருந்த இடங்களிலிருந்து கறுப்புக் கறுப்பாகத் துருக் கண்ணீர் வடிந்திருந்தது. வடக்கு மூலையில் பாசி. இவ்வளவு காலமும் கிளினிக்குக்கு ஓடுகிற அவசரத்தில் இதையெல்லாம் அவர் கவனித்ததே இல்லை.

கைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, வேலி விழுந்துடுச்சாமே? அம்மா சொன்னாங்க."

"அதுக்குள்ளயா? நானே இப்பதான் பாக்கறேன்."

"நான் சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்? அந்த வீடு உங்க ரெண்டு பேருக்கும் பெருசு. இன்னிக்கு வேலி விழும், நாளைக்குக் கூரை விழும். வித்துட்டு எங்க பிளாட்டுக்குப் பக்கத்துலயே ஒரு பிளாட் வாங்கிடலாம். பன்னண்டாவது மாடி. வேலியே கிடையாது."

"பன்னண்டாவது மாடியில வேலி இல்லேன்னா எனக்குப் பயமா இருக்கும்மா."

"விளையாடாதீங்கப்பா. ஒரு வேலியைப் பாத்துக்க முடியலேன்னா வீட்டை எப்படிப் பாத்துப்பீங்க?"

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊர்ல பாதிப் பேர் என் கையால கட்டின பல்லை வச்சுத்தான் மெல்லறான். நான் ஒரு வேலியைக் கட்ட மாட்டேனா?"

"சரி. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நான் வரேன். வந்து ரெண்டு கையாலயும் வேலியைத் தள்ளிப் பாப்பேன். அசைஞ்சா வீட்டை விக்கறோம்."

"அசையலேன்னா?"

"பிளாட்டுங்கற வார்த்தையே என் வாயிலிருந்து வராது. ஆனா ஒண்ணு, ஆள் வச்சுச் செய்யக் கூடாது. நீங்களே செய்யணும்."

டாக்டர் தோட்டத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். மகள் ஊஞ்சலாடிய கிளை. முதலில் விழுந்த தன் பல்லை அவள் புதைத்த செடியடி. மாலையில் அவரும் மனைவியும் உட்காரும், ஒரு கால் குட்டையான பெஞ்சு. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு பன்னிரண்டாவது மாடிக்கு லிஃப்டில் போக முடியாது.

"சரி" என்றார்.

மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்க நினைச்சா முடியாததா? மெதுவா, நிதானமா, நாள் பூரா எடுத்துக்கிட்டுச் செய்யுங்க" என்றாள்.

மனைவி இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாளே என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

முதல் வேலையாக, பரணிலிருந்து தன் பழைய மருத்துவப் பையை இறக்கினார். வாய்க் கண்ணாடியை எடுத்துப் பலகைகளின் பின்பக்கம் பார்த்தார். கொக்கி ஊசியால் கம்பங்களின் அடியில் குத்தினார். சிலது டக் டக் என்றன. சிலது பொத் பொத் என்றன. சாக்கட்டியால் ஒவ்வொன்றின்மேலும் குறி போட்டார்.

"இது ஆட்டம். இது சொத்தை. இது பிழைச்சுக்கும். ஐயோ, இதுக்கு ஈறே போயிடுச்சு!"

மண்ணைத் தொடும் இடத்தைத்தான் ஈறு என்றார். கம்பத்தின் மேல்பகுதி கல் மாதிரி இருக்க, மண்மட்டத்தில் மட்டும் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டரின் மனைவி, தன் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துவிட்டு, டாக்டர் மனைவியை ஜன்னலோரம் கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணன் என்ன பண்றார்?"

"வேலை பண்றார்" என்றாள் டாக்டர் மனைவி. அதைப் பாடுகிற மாதிரி சொன்னாள்.

"ஏம்மா!" என்று டாக்டர் குரல் கொடுத்தார். "அந்தச் சிவப்புக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

"இங்கதான் எங்கயாவது கிடக்கும். நல்லாத் தேடுங்க."

கட்டிலடி, பரண், செருப்பு அலமாரி என்று ஒரு காலைப் பொழுது முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்க ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரருக்குப் பேச்சுதான் முதல் வியாபாரம். "வேலியா சார்? வெயில் நிறத்தைத் தின்னும், மழை உடம்பைத் தின்னும், பாசி ரெண்டையும் நக்கிப் பாக்கும். முதல்ல கழுவணும்."

'கழுவணும்' என்ற சொல் காதில் விழுந்ததுமே டாக்டரின் மனத்தில் ஒரு மணி அடித்தது. ஸ்கேலிங்! பல்லில் கறை என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதானே முறை?

"வேகமாத் தண்ணி அடிக்கற மிஷின் இருக்கா?"

"இருக்காவா? இதை வச்சு அடிச்சா கப்பலுக்கு அடியில ஒட்டின பாசியே பிச்சுக்கிட்டுப் போயிடும் சார்."

அது உண்மைதான் என்று அன்று மத்தியானமே தெரிந்தது. பாசி பிய்த்துக்கொண்டு போயிற்று. கூடவே மரமும் போயிற்று. மிருதுவான பழைய மரத்தில் தண்ணீர் ஊசி மாதிரி பாய்ந்து, நார் நாராகக் கிளப்பிவிட்டது. வழவழவென்று இருக்க வேண்டிய பலகைகள் நனைந்த நாய்போல் மயிர் சிலிர்த்து நின்றன. ஏற்கெனவே இருந்த வெடிப்புகள் வாய் பிளந்தன. அந்த வெடிப்புகளின் வழியே பாய்ந்த அழுக்குத் தண்ணீர், அந்தப் பக்கம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஹெட்மாஸ்டரின் வெள்ளைச் சட்டைகளின்மேல் விழுந்தது.

"டாக்டர்!" என்று கத்தினார் ஹெட்மாஸ்டர். "பத்துக்கு ஒண்ணு!"

"ரெண்டு இருந்துச்சே?"

"சட்டைக்கு ஒண்ணு குறைச்சுட்டேன்."

ஆனாலும் டாக்டர் விழுந்த பலகைகளைப் புது ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டு, கைகளைத் துடைத்தபடி சமையலறைக்குள் நுழைந்தார். "வேலை முடிஞ்ச மாதிரிதான். நீ அந்த முட்டையை இப்படியா உடைக்கறே? இங்க குடு, நான் காட்டறேன்."

மறுநாள் காலையில் வேறு இரண்டு பலகைகள் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நேத்துதானே நல்லா நின்னுச்சு!"

"பழைய மரம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்றாள் மனைவி, முட்டையைத் தன் இஷ்டப்படி உடைத்துக்கொண்டே. "போய் என்னன்னு பாருங்க."

டாக்டர் அடுத்த கட்டச் சிகிச்சைக்குத் தாவினார். வெடிப்பு என்றால் அடைப்பதுதான் வழி. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பல் சிமென்ட் டப்பாக்கள் பரணில் கிடந்தன. அவற்றைக் குழைத்து, நுனிக் கரண்டியால் ஒவ்வொரு வெடிப்பிலும் ஒவ்வோர் ஆணித் துளையிலும் அழகாக நிரப்பி, விரலால் வழித்து, பழக்க தோஷத்தில் "இப்ப மெதுவா கடிச்சுப் பாருங்க" என்று வேலியிடம் சொன்னார்.

சாம்பல் வேலி முழுக்க முத்து வெள்ளையில் புள்ளிகள்.

"உங்க வேலிக்கு அம்மை போட்டிருக்கா டாக்டர்?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"இது உலகத் தரமான சிமென்ட் சார். இதைப் போட்டவங்க பாதாம் கொட்டையை ஓட்டோட உடைக்கறாங்க."

"வேலி எதுக்குப் பாதாம் உடைக்கணும்?"

வாயில் எப்போதும் ஒரே சூடு, ஒரே ஈரம். தோட்டத்தில் அப்படியில்லை. பகலில் வெயிலில் மரம் சுருங்கியது. காலைப் பனியில் ஊறியது. சிமென்ட் மட்டும் விறைப்பாக நின்றது. இரண்டு நாளில் மரம் அதை ஒவ்வொன்றாக வெளியே துப்பிவிட்டது. புல்லெல்லாம் பல் சிதறிக்கிடப்பதுபோல் இருந்தது.

டாக்டருக்கு அவசரம் வந்துவிட்டது. மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வேறு தினமும் ஒரு பிளாட் படத்தை அனுப்பி, கீழே சிரிக்கும் பொம்மை போட்டாள். உள்ளே எப்படி இருந்தால் என்ன, மேலே பளிச்சென்று ஒரு பூச்சுப் பூசிவிடலாம் என்று முடிவு செய்தார். முன்பல்லுக்குத் தொப்பி போடுவதில்லையா? காலைப் பனி காயக்கூட விடாமல், வேலி முழுக்கக் கெட்டியாக வெள்ளை பெயின்ட் அடித்தார்.

மாலைக்குள் மரத்தின் ஈரம் வெளியே வர வழி தேடியது. பெயின்டுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது. அப்பளம் பொரிவதை நின்று பார்ப்பதுபோல் டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை இந்தக் காட்சியைப் பார்க்க வந்த ஹெட்மாஸ்டர், பள்ளிக்கூடம் கிளம்பும் கோலத்தில், கையைக் கட்டிக்கொண்டு வேலியில் நன்றாகச் சாய்ந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல நானும் உங்க கட்சிதான் டாக்டர். ரிட்டயர்மென்ட்."

"அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?"

"எல்லாம் பிளான் போட்டாச்சு. வீட்டை ஒழுங்கு பண்ணப் போறேன். காலையில பெல். சமையலறைக்கு டைம் டேபிள். எங்க வீட்டம்மா வெங்காயம் நறுக்கற முறையே தப்பு. இத்தனை வருஷமா நின்னு சொல்லித் தர எனக்குத்தான் நேரம் இல்லாமப் போச்சு."

ஹெட்மாஸ்டர் வீட்டுச் சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்து, நெடுநேரம் சுழன்று, பிறகு அடங்கியது.

"பாருங்க, பாத்திரத்தைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியலை" என்று சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடம் போனார். கறுப்புக் கோட்டின் முதுகில் நெட்டுக்குத்தாக நான்கு வெள்ளைக் கோடுகள். கொப்புளங்களுக்கு உள்ளே பெயின்ட் காயவில்லை. அன்று காலை வணக்கக் கூட்டத்தில் அவர் திரும்பி நின்ற கணம், பள்ளிக்கூடமே சிரித்தது என்று பிறகு கேள்வி. அதற்குப் பிறகு பத்துக்குப் பூஜ்யம்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மர்மம் தொடர்ந்தது. டாக்டர் எப்போதெல்லாம் வேலை முடிந்தது என்று சமையலறைக்குள் தலைகாட்டினாரோ, அதற்கு மறுநாள் காலை ஏதோ ஒரு பலகை கழன்றிருக்கும். அவர் ஹார்டுவேர் கடைக்குப் போய் முறையிட்டார்.

"நீங்க குடுத்த ஸ்க்ரூ நிக்கலை. காத்துல கழண்டுடுது."

"கழண்டு எங்க விழுது சார்?"

"புல்லுல. நாலும் பக்கத்துல பக்கத்துல, வரிசையா."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப ஒழுக்கமான காத்தா இருக்கே சார்."

டாக்டருக்குக் கேலி புரியவில்லை. அடுத்த நாள் காலை கழன்று கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஸ்க்ரூவின் தலையில் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பொடி. பெயின்ட் இல்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

இனிப்பு!

வாழ்நாள் முழுக்கக் கற்ற வித்தை அந்த ஒரு நொடியில் அவருக்குள் எழுந்து நின்றது. சமையலறைக்கு ஓடினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! இது சர்க்கரை!"

மனைவியின் கையிலிருந்த சல்லடை நின்றது. கேக்கின்மேல் பாதி தூவிய பொடிச் சர்க்கரை அந்தரத்தில் புகையாக மிதந்தது.

"என்ன... கண்டுபிடிச்சீங்க?"

"வேலிக்கு ஏன் சொத்தை விழுதுன்னு! நீ கேக் தூளைப் பறவைக்குப் போடறே. பறவை அதைக் கொண்டுபோய் வேலிமேல உக்காந்து திங்குது. சர்க்கரை ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள இறங்குது. மரத்துக்குச் சொத்தை. ஸ்க்ரூ ஆடி விழுது. பல்லுக்கு வர்ற அதே வியாதி! மரத்துக்கும் சர்க்கரை ஆகாதுன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லை. நான் இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதலாம்."

மனைவி மூச்சு விட்டாள். சல்லடை மறுபடி ஆடியது. "கண்டிப்பா எழுதுங்க. இன்னிக்கே உக்காந்து எழுதுங்க. நல்லா நீளமா எழுதுங்க."

"இனிமே பறவைக்குக் கேக் கிடையாது."

"சத்தியமாக் கிடையாது."

ஆனால் கட்டுரைக்கெல்லாம் நேரமில்லை. கம்பங்களில் ஒன்று அடியோடு ஆடியது. டாக்டர் தன் வாழ்க்கையில் ஆயிரம் முறை செய்ததைச் செய்தார். கம்பத்தைக் கட்டிப்பிடித்து, முன்னும் பின்னும் அசைத்து, "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார். கம்பம் வந்தது. டாக்டர் மல்லாந்து விழுந்தார். அவர் எழுந்திருப்பதற்குள், ஆதரவை இழந்த இரண்டு பக்கத்து வேலியும் சேர்ந்து, களைத்துப்போன ஆட்களைப்போல் ஹெட்மாஸ்டர் தோட்டத்துப் பக்கம் சாய்ந்தன.

ஒரு பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயும் என்று எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்!

சாய்ந்த பல்லுக்கு என்ன வைத்தியம்? கம்பி! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலகைக்குப் பலகை கம்பியைக் கோத்து, முறுக்கி, கடைசி முனையைக் கையில் கிடைத்த ஒரு உறுதியான இரும்புக் குழாயில் இழுத்துக் கட்டினார். ஒவ்வொரு முறுக்குக்கும் வேலி ஓர் அங்குலம் நிமிர்ந்தது. டாக்டர் உற்சாகமாக இன்னும் முறுக்கினார்.

அந்த இரும்புக் குழாய் ஹெட்மாஸ்டர் வீட்டு கேட்டின் தூண்.

"யோவ் டாக்டர்!" காலையில் ஹெட்மாஸ்டரின் குரல் தெருமுனைவரை கேட்டது. "என் கேட் திறக்கலை! நான் பள்ளிக்கூடம் போகணும்! இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் லேட்டாப் போனதில்லை!"

"பொறுமையா இருங்க சார்! கம்பி போட்டா முதல்ல அப்படித்தான் இறுக்கமா இருக்கும். ஆறு மாசத்துல பழகிடும்!"

ஹெட்மாஸ்டர் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, தன் மதிலைத் தானே ஏறிக் குதித்துப் பள்ளிக்கூடம் போனார். எதிரே வந்த மாணவர்கள் கை தட்டினார்கள்.

டாக்டர் கம்பியை அவிழ்த்தார். வேலி பெருமூச்சு விட்டதுபோல் மெதுவாக மீண்டும் சாய்ந்தது. ஒரு கால் குட்டையான பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெஞ்சும் சாய்ந்தது.

மனைவி ஒரு தம்ளர் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு சமநிலைக்கு வந்தது.

"பிளாட்ல பெஞ்சு போட இடம் இருக்குமா?" என்று கேட்டார் டாக்டர்.

அவர் குரலைக் கேட்டு மனைவியின் முகம் மாறியது. "இங்க பாருங்க. ஒரு ஆளு வாயில எச்சில் ஊறிக்கிட்டு இருக்கும்போது நீங்க ஃபில்லிங் போடுவீங்களா?"

"எப்படிப் போட முடியும்? முதல்ல பஞ்சு வச்சுக் காய வைக்கணும். ஈரத்துல எதுவும் ஒட்டாது. சொத்தையைச் சுரண்டி எடுக்காம அடைக்கக் கூடாது. அவசரப்படவே கூடாது. ஜூனியர் பசங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி என் வாயே..."

நிறுத்தினார். வேலியைப் பார்த்தார். தம்ளரை மனைவி கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

இந்த முறை வேலியைப் பலகை பலகையாகப் பிரித்தார். நிழலில், காற்றுப் படும்படி அடுக்கி, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு காயவிட்டார். கொப்புளப் பெயின்டை வழித்தெடுத்தார். சிலிர்த்த நாரையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தை வைத்துப் பார்க்கும் அளவுக்கு வழவழப்பாக்கினார். சாம்பல் தோலுக்குக் கீழே அந்தப் பழைய தேன் நிறம் எட்டிப் பார்த்தது. டாக்டர் சின்னக் குழந்தைபோல் கூவினார்.

"ஏம்மா! ஓடி வா! உள்ள நல்லா இருக்கு! வெளிய மட்டும்தான் வெளுத்திருக்கு! மஞ்சளான பல்லு மாதிரிதான், பயமே இல்லை!"

அந்தக் கூவலுக்கு ஹெட்மாஸ்டரும் வந்துவிட்டார். முதலில் மேற்பார்வைதான் பார்த்தார். பிறகு ஒரு பலகையின் மறுமுனையைப் பிடித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உப்புத்தாள் கேட்டார்.

அழுகிய அடிகளை வெட்டி எறிந்தார்கள். கம்பங்கள் சேற்றில் நிற்காமல் இருக்கக் குழியில் ஜல்லி கொட்டி, கம்பத்தை நட்டு, சுற்றியும் தண்ணீர் தேங்காதபடி மண்ணைச் சரிவாக்கினார்கள். கம்பத்தின் தலையில் மழை உட்காராமல் வழிந்தோடச் சாய்வாகச் சீவி, மேலே தகட்டுத் தொப்பி வைத்தார் டாக்டர். "இதுதான் சார் நிஜமான பல் தொப்பி." பலகைகள் மண்ணை முத்தமிடாதபடி அடியில் ஒரு கையளவு இடைவெளி விட்டார்கள். மண்ணில் நிற்கிற பகுதிக்கு, அழுகாமல் இருக்க, ஊற ஊற மருந்தெண்ணெய். மற்ற இடமெல்லாம் மர எண்ணெய், மெல்லிசாக ஒரு பூச்சு, அது உறிஞ்சிய பிறகு இன்னொரு பூச்சு. துருப்பிடிக்காத ஸ்க்ரூக்கள்.

ஆச்சரியம், இந்த முறை ஒரு பலகைகூடக் கழலவில்லை.

"பாத்தியா?" என்றார் டாக்டர் மனைவியிடம். "பறவைக்குக் கேக்கை நிறுத்தினதும் எப்படி நின்னுடுச்சு!"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

அவளுக்கும் அந்த மாதம் நல்ல மாதம்தான். ஒரு கேக்கும் அமுங்கவில்லை. ஓடிப்போன பெண்மணிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடைவாய்ப் பல்லில் புள்ளி உள்ள பெண்மணி, தன் மகள் பிறந்தநாளுக்கு மூன்று அடுக்கு கேக்கே சொல்லிவிட்டுப் போனாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து இறங்கினாள். கையில் பிளாட்டின் வண்ணப் படங்கள். நேராகத் தோட்டத்துக்குப் போனவள், வேலியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். காலை வெயிலில் அது தேனில் தோய்த்ததுபோல் நின்றது.

"அப்பா... இது நம்ம பழைய வேலியேதானா?"

"அதேதான். வாயைத் திறந்து உள்ளயும் பாத்துக்கோ."

மகள் படங்களைப் பெஞ்சில் வைத்தாள். இரண்டு கைகளையும் வேலியில் ஊன்றினாள். தள்ளினாள். வேலி அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பின்னுக்கு ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அசைந்தது மகள்தான். கால் வழுக்கிப் புல்லில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"தோத்துட்டேன்ப்பா! பிளா... சரி, அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்."

"பத்துக்கு ஒன்பதரை!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அறிவித்தார் ஹெட்மாஸ்டர்.

"அந்த அரை எங்க சார் போச்சு?"

"கோட்டுக்கு."

மகள் வண்ணப் படங்களைச் சுருட்டி அப்பாவிடமே கொடுத்தாள். டாக்டர் அவற்றை மடித்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு கையால் மகளையும் இன்னொரு கையால் ஹெட்மாஸ்டரையும் பிடித்து இழுத்துக்கொண்டு, கடைசிக் கம்பத்தின் தகட்டுத் தொப்பியைக் காட்டக் கிளம்பினார். "வருஷா வருஷம் ஒரு தரம் கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூசணும். செக்கப் தவறவே கூடாது. அடுத்தது அந்தத் தோட்டத்துக் கதவு. அதுக்கும் லேசா ஈறு வீக்கம் இருக்கு, பாத்தேன்..."

அவர் குரல் தோட்டக் கோடிக்குப் போய்த் தேய்ந்தது.

சமையலறையில் டாக்டரின் மனைவி மூன்று அடுக்கு கேக்கின் உச்சியில் கடைசி ரோஜாவை வைத்துக்கொண்டிருந்தாள். பின்வாசல் வழியாக ஹெட்மாஸ்டரின் மனைவி உள்ளே வந்தாள். ஜன்னல் வழியே எட்டி, ஆண்கள் இருவரும் தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"அக்கா, உங்களுக்கு வேலை முடிஞ்சதுன்னா அந்தச் சிவப்புக் கைப்பிடி ஸ்க்ரூ டிரைவரை எனக்குக் குடுங்க. நாளையிலிருந்து எங்க வீட்டுக்காரர் நாள் பூரா வீட்டுலதான் இருக்கப் போறார்!"